ஸ்ரீரங்கம் என்னும் சொல்லும் திறந்த இணையத் தரங்களும்: தமிழ்க் குறியேற்றத்தில் கூட்டு நிரலாக்கத்தின் வரலாறு (1995 – 2019)

ஆய்வுச்சுருக்கம்

தமிழ் எழுத்துகளுக்கான கணினிக் குறியேற்றத் தரங்கள் பெரும்பாலும் அரசாணைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகின்றன. தன்னார்வ நிரலாளர்கள் ஒன்றுகூடி எழுதிச் சோதித்துத் திருத்திய பணிகளை முதன்மைப்படுத்தி அவ்வரலாற்றை இக்கட்டுரை மீளப் பார்க்கிறது. ‘ஸ்ரீரங்கம்’ என்னும் ஊர்ப்பெயர் ஒருங்குறியில் இருவேறு குறிவரிசைகளால் எழுதப்படும் சிக்கல், திருவரங்கத்து மணிப்பிரவாள உரைகளின் கிரந்தத் தேவை, கல்வெட்டுப் பின்னக் குறிகள் ஆகிய மூன்றும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஒருங்குறி, திஸ்கி, தமிழ்99, ஹேக்கத்தான், மணிப்பிரவாளம், திருவரங்கம், களப்பெயர்.

முன்னுரை

திருச்சிராப்பள்ளி மாவட்டத்து வைணவ உரைநூல்களையும் கல்வெட்டுகளையும் மின்பதிப்புகளில் தேடும் ஆய்வாளர் விரைவில் ஒரு விந்தையை எதிர்கொள்வார். ஸ்ரீரங்கம் என்று தட்டச்சிட்டுத் தேடினால் சில பக்கங்கள் கிடைக்கும். அதே சொல்லை வேறொரு கணினியில் தட்டச்சிட்டால் வேறு சில பக்கங்கள் கிடைக்கும். திரையில் இரண்டு சொற்களும் ஒன்றாகவே தோன்றும். கணினிக்கு அவை இரண்டு சொற்கள். சுஜாதாவின் ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ என்னும் நூலை நூலகப் பட்டியலில் தேடுபவருக்கு, பட்டியலிட்டவர் ஒரு வரிசையையும் தேடுபவர் மற்றொரு வரிசையையும் பயன்படுத்தியிருந்தால், நூல் இல்லை என்ற விடையே வரக்கூடும். நூல் அடுக்கில்தான் இருக்கும்.

இச்சிக்கலுக்குத் தனியொருவரின் கவனக்குறைவு காரணமன்று. தமிழுக்குக் குறியேற்றம் செய்தவர்கள் யார், எந்த முறையில் கூடிப் பேசினார்கள், எழுதியதைச் சோதித்த பின் முடிவு செய்தார்களா, முடிவு செய்த பின் சோதித்தார்களா என்னும் வினாக்களோடு இது பிணைந்துள்ளது. அவ்வினாக்களுக்கு விடை காணவே இக்கட்டுரை முயல்கிறது.

ஒரு சொல், இரு வரிசை

‘ஸ்ரீ’ என்பது ஒரே வடிவாக எழுதப்படும் கூட்டெழுத்து. திஸ்கி எனப்படும் எட்டுத்துணுக்குக் குறியேற்றத்தில் அதற்குத் தனி இடம் ஒன்று இருந்தது. தமிழ்99 விசைப்பலகையிலும் அதற்குத் தனி விசை உண்டு. எனவே அக்காலத்தில் ‘ஸ்ரீரங்கம்’ ஒரே ஒரு முறையில்தான் சேமிக்கப்பட்டது. ஒருங்குறியோ கூட்டெழுத்துகளுக்கு இடம் தருவதில்லை. மெய், புள்ளி, மெய், உயிர்க்குறி என உறுப்புகளை வரிசையாகச் சேர்த்தே எழுத வேண்டும். அவ்வாறு சேர்க்கும்போது முதல் உறுப்பு எது? வடமொழியில் இச்சொல்லின் முதலொலி ‘ஶ’. ஆனால் ஒருங்குறியின் தமிழ்ப் பகுதியில் 2005 வரை ‘ஶ’ இல்லை. ஆகவே ‘ஸ’, புள்ளி, ‘ர’, ஈகாரக்குறி என்ற வரிசையே வழக்கில் வந்தது. 2005இல் வெளியான 4.1ஆம் பதிப்பில் ‘ஶ’ சேர்ந்தது. அதன்பின் ‘ஶ’, புள்ளி, ‘ர’, ஈகாரக்குறி என்பதே பொருத்தமான வரிசை என ஒருங்குறித் தரம் கூறியது. ஆயினும் பழைய வரிசை அதற்குள் பரவிவிட்டது. இரண்டையும் நிகராகக் கொள்ளுமாறு தரநூல் பரிந்துரைக்கிறது. பரிந்துரைதான், கட்டாயமில்லை.

‘கொ’ என்னும் எழுத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அதனைக் ககரத்தோடு ஒகரக்குறி சேர்த்தும் எழுதலாம். எகரக்குறியும் துணைக்காலும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். இவ்விரண்டும் ஒன்றே என ஒருங்குறி விதி வகுத்துள்ளது. இயல்பாக்கம் என்னும் செயல்முறை இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிடும். ‘ஸ்ரீ’யின் இரு வரிசைகளுக்கோ அத்தகைய இயல்பாக்கம் இல்லை. ‘ஔ’ என்னும் உயிரெழுத்துக்கும், ஒகரத்தோடு ளகரத்தைச் சேர்த்து எழுதும் ‘ஒள’வுக்கும் இடையிலும் இல்லை. ஒருமுறை வெளியிட்ட இயல்பாக்க விதியைப் பின்னர் மாற்றுவதில்லை என்பது ஒருங்குறி அமைப்பின் நிலைத்தன்மைக் கொள்கை. ஆகவே இக்குறையைத் தரத்துக்குள் சென்று திருத்த இயலாது. தேடுபொறி, விசைப்பலகை, நூலகப் பட்டியல், களப்பெயர்ப் பதிவகம் என ஒவ்வொரு செயலியிலும் தனித்தனியே நிரல் எழுதித்தான் ஈடுசெய்ய வேண்டும்.

திஸ்கியில் இருந்த கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றியபோதே இப்பிளவு தொடங்கியது. ‘ஶ’ சேர்வதற்கு முன் எழுதப்பட்ட மாற்றிகள் ‘ஸ’ வரிசையைத் தவிர வேறெதையும் தந்திருக்க முடியாது. பின்னர் எழுதப்பட்டவற்றின் ஆசிரியர்களுக்குத் தேர்வு இருந்தது. ஒரே மூலக் கோப்பு இரு மாற்றிகள் வழியே சென்று இரு வேறு நூல்களாக வெளிவரும் நிலை இவ்வாறு உருவாயிற்று.

சிங்கப்பூர் முதல் சென்னை வரை

1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பு ஒன்று நான்கு மொழிகளிலும் இணையத்தில் வெளியிடப்பட்டது. இணையத்தில் தமிழ் எழுத்துகள் தோன்றிய தொடக்க நிகழ்வுகளுள் இது குறிப்பிடத்தக்கது. இதன் பின்னணியில் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமியும், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ, லியோங் கோக் யோங் ஆகியோரும் இருந்தனர். டான் டின் வீ பின்னர், ஆங்கிலமல்லாத எழுத்துகளில் களப்பெயர் அமைக்கும் ஆய்வுக்கு முன்னோடியானார். தமிழ் எழுத்தை இணையத்தில் ஏற்றும் முயற்சியும் உலகப் பன்மொழிக் களப்பெயர் முயற்சியும் ஒரே ஆய்வுக்கூடச் சூழலில் வளர்ந்தன என்பதைத் தமிழ்க் கணிமை வரலாறுகள் போதிய அளவு சுட்டியதாகத் தெரியவில்லை.

1997 மே மாதம் கோவிந்தசாமியின் முயற்சியால் சிங்கப்பூரில் தமிழிணைய மாநாடு கூடியது. அதன் தொடர்ச்சியாக 1999 பிப்ரவரி 7, 8 ஆகிய நாள்களில் சென்னையில் தமிழ்நெட்99 மாநாட்டைத் தமிழ்நாட்டு அரசு நடத்தியது, மு. ஆனந்தகிருஷ்ணன் அதில் முன்னின்றார். தமிழ்99 விசைப்பலகையும், டாம் (ஒருமொழி), டாப் (இருமொழி) என்னும் இரு குறியேற்றங்களும் அம்மாநாட்டின் வழி வந்தவை. அவ்வாண்டு மே மாதத்தில் கோவிந்தசாமி மறைந்தார்.

அதே ஆண்டு ஜூன் 4ஆம் நாள் கனடாவின் கால்கரி நகரில் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தின் பத்து நிரலாளர்கள் கூடினர். மறையாக்க மென்பொருளை ஏற்றுமதி செய்வதற்கு அமெரிக்கச் சட்டம் விதித்த தடைகளைத் தவிர்க்கவே அவர்கள் எல்லைக்கு வெளியே கூடினர். அக்கூடுகைக்கு வழங்கிய பெயரே ‘ஹேக்கத்தான்’ என்னும் சொல்லின் முதற்பயன்பாடு எனக் கருதப்படுகிறது. இன்று கல்லூரிதோறும் பரிசுத்தொகையோடு நடக்கும் போட்டிகளைக் கொண்டு அச்சொல்லைப் புரிந்துகொள்வது பொருந்தாது. அதன் தோற்றத்தில் பரிசு இல்லை. ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் எழுதியதை மற்றவர் இயக்கிப் பார்த்து, பிழை கண்டவிடத்தில் உடனே திருத்துவதே அதன் நோக்கம். இணையப் பொறியியல் பணிக்குழு தன் கூட்டங்களோடு இத்தகைய நிரலாக்கக் கூடுகையை இணைத்தது 2015 மார்ச்சில், டாலஸ் நகரத்து 92ஆம் கூட்டத்தில். வாரக் கூட்டம் தொடங்குமுன் சனி, ஞாயிறு இரு நாள்களில் வரைவுத் தரங்களை நிரலாக எழுதிப் பார்ப்பர். எவ்விடத்தில் வரைவின் சொற்கள் இருபொருள் படுகின்றன என்பது இரு நிரல்கள் ஒன்றோடொன்று பேச மறுக்கும்போது வெளிப்படும். ‘தோராயமான இணக்கமும் இயங்கும் நிரலும்’ என்று 1992இல் டேவிட் கிளார்க் வகுத்த நெறியின் நடைமுறை வடிவம் அது.

தமிழ்க் கணிமையில் இந்நெறி அப்பெயரில்லாமலே இயங்கியது. அதற்குச் சான்று திஸ்கி.

திஸ்கியின் பணிமுறை

1990களின் நடுப்பகுதியில் தமிழ் எழுத்துரு ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியேற்றத்தைக் கொண்டிருந்தது. ஒரு மடலைப் படிக்க, எழுதியவரின் எழுத்துருவையே படிப்பவரும் நிறுவ வேண்டும். இந்நிலையை மாற்ற, பாலா பிள்ளை ஆஸ்திரேலியாவிலிருந்து நடத்திய தமிழ்.நெட் மடற்குழுவைச் சூழ்ந்த ஆர்வலர்கள் பொதுக் குறியேற்றம் ஒன்றைத் திட்டமிட்டனர். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம், மலேசியாவில் முரசு அஞ்சல் செயலியை உருவாக்கிய முத்து நெடுமாறன் முதலியோர் இதில் முன்னின்றனர். இவர்கள் ஒரே அறையில் அமர்ந்தவர்கள் அல்லர். மின்மடலில் வாதிட்டு, எழுத்துருவை ஆக்கிக் கட்டணமின்றிப் பகிர்ந்து, பல்வேறு இயங்குதளங்களில் நிறுவிப் பார்த்து, குறைகளை மடலிலேயே அறிவித்துத் திருத்தினர்.

திஸ்கியின் அமைப்பே அன்றைய கணினிகளின் வலுவின்மையைக் கணக்கில் கொண்டது. கீழ்ப்பாதி 128 இடங்கள் ஆங்கிலத்துக்கு. மேற்பாதி 128 இடங்கள் தமிழ் வடிவங்களுக்கு. எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டன. ‘கொ’ என்பதில் எகரக் கொம்பு முதலில் வரும், ககரம் பின்னர் வரும். இலக்கண நோக்கில் இது முறையன்று எனக் குறைகூறப்பட்டது உண்மை. ஆனால் உயிர்க்குறிகளை இடம்பெயர்த்துக் காட்டும் திறன் அன்றைய உலாவிகளுக்கு இல்லை. அத்திறன் வரும்வரை காத்திருப்பதா, இருப்பதைக் கொண்டு மடல் எழுதுவதா என்ற வினாவில் இவர்கள் இரண்டாவதைத் தெரிந்தெடுத்தனர். இக்கட்டுரையாளரின் கருத்தில் அது சரியான தேர்வே. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இக்குறியேற்றத்தைக் கொண்டே தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கியது. நாலாயிர திவ்வியப் பிரபந்தம் உலகெங்கும் திரையில் படிக்கக் கிடைத்ததும் அதனால்தான்.

இயக்கிப் பார்த்துத் திருத்துவதன் பயனை இகரத்தின் கதை காட்டும். எட்டுத்துணுக்கு அட்டவணையில் 173ஆம் இடம் ஐரோப்பிய மொழிகளுக்கான தரத்தில் ‘மென்கோடு’ என்பதற்கு உரியது. வரி உடையுமிடத்தில் மட்டுமே தோன்ற வேண்டிய கோடு அது. அவ்விடத்தில் தமிழ் எழுத்தை வைத்தால் சில செயலிகளில் அது மறைந்துவிடும். தாளில் வரைந்த அட்டவணையைப் பார்த்து இதனை யாரும் அறிய முடியாது. பல கணினிகளில் இயக்கினால்தான் தெரியும். திஸ்கி 1.7இல் இகரத்துக்கு 254ஆம் இடம் தரப்பட்டது இதனாலேயே. ஓர் எழுத்தின் இடமாற்றத்துக்காக எழுத்துருக்கள், விசைப்பலகை நிரல்கள், மாற்றிகள் ஆகியவற்றை எல்லாரும் திருத்தினர். ஊதியம் எவருக்கும் இல்லை.

2000 ஜூலையில் சிங்கப்பூரில் உத்தமம் தோற்றுவிக்கப்பட்டபின் இப்பணி அதன் பணிக்குழுக்களிடம் சென்றது. திஸ்கியைப் பன்னாட்டு இணைய எண் ஒதுக்கீட்டு ஆணையம் தன் குறியேற்றப் பட்டியலில் பதிந்ததோ 2007இல். அதற்குள் திஸ்கியின் காலம் முடிந்துகொண்டிருந்தது. விண்டோஸ் 2000 இயங்குதளமே ஒருங்குறித் தமிழையும் ‘லதா’ எழுத்துருவையும் தன்னுடன் கொண்டுவந்திருந்தது.

அரசு அறிவித்த டாம், டாப் குறியேற்றங்களும் அதே போல் வழக்கொழிந்தன. தமிழ்99 விசைப்பலகை மட்டும் வாழ்கிறது. ஒரே மாநாட்டில் பிறந்தவற்றுள் இவ்வேறுபாடு ஏன்? விசைப்பலகை ஒருவரது கணினிக்குள் முடிந்துவிடுவது. மடல் எழுதுபவர் ஒரு பலகையையும் பெறுபவர் வேறொரு பலகையையும் கொண்டிருக்கலாம், எழுத்து சிதையாது. அடியிலுள்ள குறியேற்றம் மாறினாலும் அதே பலகையை ஒருங்குறிக்கு மேல் மீண்டும் எழுதிக்கொள்ளலாம். குறியேற்றம் அத்தகையதன்று, இருமுனையிலும் ஒன்றாக இருந்தாலொழிய அது பயன்படாது. ஆகவே அதன் வெற்றி ஆணையைப் பொறுத்ததன்று, எத்தனை நிரல்கள் அதனை ஏற்கின்றன என்பதைப் பொறுத்தது.

ஆய்தத்துக்கு இட்ட பெயர்

ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி, இந்திய அரசின் 1988ஆம் ஆண்டு இஸ்கி அட்டவணையை அடியொற்றியது. தேவநாகரிக்கு வகுத்த வரிசையில் தமிழுக்கு இல்லாத எழுத்துகளின் இடங்கள் வெற்றிடங்களாக விடப்பட்டன. நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் நிற்பது இதனால்தான். தொல்காப்பியம் தொட்டு வரும் நெடுங்கணக்கு வரிசையைக் குறிப்புள்ளிகளின் எண்வரிசை தருவதில்லை. அகராதி வரிசைக்குத் தனி நிரல் வேண்டும். ஆய்த எழுத்துக்கு ஒருங்குறியில் உள்ள முறைப்படியான பெயர் ‘விசர்க்கம்’, புள்ளிக்கு ‘விராமம்’. ஒருமுறை இட்ட பெயரை மாற்றுவதில்லை என்பதும் அவ்வமைப்பின் கொள்கையாதலால், ஆய்தம் என்றும் அப்பெயரையே தாங்கி நிற்கும். தமிழ் இலக்கணம் அறிந்த ஒருவர் அட்டவணையை ஒருநாள் பார்த்திருந்தாலும் போதும்.

உறுப்பு உறுப்பாகச் சேமிப்பதால் வரும் இடச்செலவும் விவாதிக்கப்பட்டது. ‘திருச்சிராப்பள்ளி’ தமிழ்க் கணக்கில் 9 எழுத்து. ஒருங்குறியில் 17 குறிப்புள்ளி. பதினாறு துணுக்கு வடிவில் இது 34 பைட்டுகள். இணையத்தில் வழங்கும் யுடிஎஃப்-8 வடிவில் 51 பைட்டுகள். உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் தரும் டேஸ்16 முறையில் 18 பைட்டுகளே. 2010 ஜூனில் கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியைத் தரமாகவும் டேஸ்16ஐ மாற்றுத் தரமாகவும் ஏற்றது. கணக்கு டேஸ்16க்குச் சாதகமானதே. ஆனால் அது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்திருப்பதால் இயங்குதளங்கள் அதனைத் தமிழெனத் தாமாக அறிவதில்லை.

திருவரங்கத்து உரைகளும் 2010ஆம் ஆண்டு விவாதமும்

பனுவலை எழுத்தெண்ணி அளப்பது திருவரங்கத்துக்குப் புதிதன்று. நம்பிள்ளை திருவரங்கத்தில் திருவாய்மொழிக்குச் சொன்ன பொருளை வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்தினார். அதுவே ஈடு முப்பத்தாறாயிரப்படி. ஒரு ‘படி’ என்பது ஒற்று நீங்கலாக 32 எழுத்து. அவ்வாறாயின் அவ்வுரையின் அளவு ஏறத்தாழ 11,52,000 எழுத்துகள். உரைகளின் பெயரிலேயே கோப்பின் அளவைப் பொறித்துவைத்த மரபு இது.

இவ்வுரைகளின் நடை மணிப்பிரவாளம். ஏடுகளில் வடசொற்கள் கிரந்தத்திலும் தமிழ்ச்சொற்கள் தமிழிலும் எழுதப்பட்டன. சிலவேளை வடசொல்லின் அடி கிரந்தமாகவும் அதனோடு சேரும் வேற்றுமையுருபு தமிழாகவும் இருக்கும். அச்சுக்காலத்தில் கிரந்த அச்செழுத்து அருகியபின், தமிழெழுத்தின்மேல் 2, 3, 4 என்னும் எண்களை இட்டு வேறுபடுத்தும் முறை பரவியது. இதே திருவரங்கத்தில் வாணிவிலாஸ் அச்சகம் 1910இல் சங்கரர் நூல்களின் நினைவுப் பதிப்பை 20 தொகுதிகளாக வெளியிட்டது. அச்சுத்தொழில் இவ்வூரில் வலுவாகவே இருந்தது.

2010இல் கிரந்தம் தொடர்பான முன்மொழிவுகள் ஒருங்குறி அமைப்பின்முன் வந்தன. கிரந்த எழுத்துகளைத் தமிழ் எழுத்துகளின் நீட்சியாகச் சேர்க்க ஒன்று கோரியது. மற்றொன்று கிரந்தத்துக்குத் தனிப்பகுதி கோரியது. ஆனால் ழ, ற, ன முதலிய தமிழுக்கே உரிய எழுத்துகளையும் அப்பகுதிக்குள் வைக்க எண்ணியது. தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. அவ்வாண்டு நவம்பரில் தமிழக அரசு நடுவணரசிடம் முடிவை நிறுத்திவைக்கக் கோரியது. இறுதியில் தமிழெழுத்துகள் கலவாத தனிப்பகுதியாகக் கிரந்தம் 2014ஆம் ஆண்டு 7.0ஆம் பதிப்பில் சேர்ந்தது.

இம்முடிவு சரியானதே. இரண்டு எழுத்துமுறைகளைத் திருவரங்கத்து ஏடெழுதியோரே இரண்டாகத்தான் கையாண்டனர். ஆயினும் விவாதம் முழுதும் எந்த எழுத்து எந்தப் பகுதியில் அமர வேண்டும் என்பதிலேயே சுழன்றது. மணிப்பிரவாள உரை ஒன்றின் ஒரு பக்கத்தை எடுத்து, இரு முறையிலும் தட்டச்சிட்டு, திரையில் என்ன தோன்றுகிறது எனப் பார்க்கும் பணி விவாதத்தின் மையத்துக்கு வரவில்லை. அதன் விளைவு இன்றும் உள்ளது. எழுத்துவடிவ நிரல்கள் கிரந்தத்தையும் தமிழையும் தனித்தனி ஓட்டங்களாகப் பிரித்துக் கையாளுகின்றன. கிரந்த மெய்யின்மேல் தமிழ் உயிர்க்குறி ஏறவேண்டிய இடத்தில் அக்குறி ஒட்டாமல் புள்ளிவட்டத்தோடு தனித்து நிற்கும். ஈட்டை ஏட்டில் உள்ளபடியே மின்பதிப்பாக்க விரும்பும் ஆய்வாளர் ஒவ்வொரு பக்கத்திலும் இதனைச் சந்திப்பார்.

முந்திரியும் கீழ்முந்திரியும்

திருவரங்கம் கோயிலின் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24ஆம் தொகுதியாக 1982இல் வெளிவந்தன. நிலக்கொடைகளைக் கூறுமிடத்து வேலி, மா, காணி, முந்திரி என்னும் அளவுகள் வரும். வேலியில் இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. ‘கீழ்’ என்னும் சொல் முன்னே வந்தால் அளவு மேலும் 320ஆல் வகுபடும். கீழ்முந்திரி 1,02,400இல் ஒன்று. கல்வெட்டிலும் ஏட்டுக்கணக்கிலும் இவற்றுக்குரிய குறிகள் உண்டு.

2003இல் நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி, ரூபாய், எண் ஆகியவற்றின் குறிகள் ஒருங்குறியில் இடம்பெற்றன. பின்னங்கள் 2019 மார்ச்சு வரை காத்திருந்தன. அப்போது வெளியான 12.0ஆம் பதிப்பின் ‘தமிழ் இணைப்பு’ப் பகுதியில் 51 குறிகள் சேர்ந்தன: முந்திரி முதல் முக்கால் வரையிலான பின்னங்கள், ‘கீழ்’ குறி, செவிடு, ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு போன்ற முகத்தலளவைகள், காசு, பணம், பொன், வராகன், நன்செய், புன்செய். கிரந்த விவாதத்தில் எழுந்த கொதிப்பு இதில் எழவில்லை. செய்தித்தாள்களும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கல்வெட்டு ஆய்வாளருக்கோ இதுவே பெரும்பேறு. முன்னர்ச் சொல்லாக விரித்தோ படமாக ஒட்டியோ காட்டிய குறியை இப்போது எழுத்தாகவே தேடலாம்.

களப்பெயரும் ஒரு சோதனைத் தாளும்

களப்பெயர்களில் ‘ஸ்ரீ’யின் இரட்டை வரிசை தேடல் சிக்கல் என்ற அளவில் நிற்காது, ஏமாற்றுக்கு வழியாகும். தமிழில் .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்னும் உயர்நிலைக் களங்கள் உள்ளன. களப்பெயர் பதிவதற்கு முன் இயல்பாக்கம் கட்டாயம்; ஆனால் மேலே கண்டபடி இயல்பாக்கம் ‘ஸ்ரீ’யை ஒன்றாக்காது. பதிவகம் தானே முன்வந்து மாற்றுரு விதி வகுக்காவிடில், ஸ்ரீரங்கம் என்னும் ஒரே தோற்றமுள்ள இரு பெயர்களை இருவர் பெறலாம். காணிக்கை செலுத்த வரும் அடியவர் எத்தளத்தில் இருக்கிறோம் என்பதைக் கண்ணால் அறிய இயலாது. மூலவேருக்கான எழுத்துவிதிகளை ஐகான் அமைப்பு மொழிக்குழுக்களைக் கொண்டு வகுத்து, தமிழையும் உள்ளடக்கிய மூன்றாம் பதிப்பை 2019 ஜூலையில் வெளியிட்டது. அவ்விதிகள் உயர்நிலைக் களங்களுக்கு மட்டுமே. அவற்றின் கீழுள்ள பெயர்களுக்கு அந்தந்தப் பதிவகமே பொறுப்பு.

திருச்சிராப்பள்ளியில் தேசியத் தொழில்நுட்பக் கழகமும் பாரதிதாசன் பல்கலைக்கழகமும் உள்ளன. காவிரியைக் கடந்தால் ஏடறிந்தோர் உள்ளனர். திறந்த தரங்களுக்கான நிரலாக்கக் கூடுகை இங்கு இரு நாள் நடப்பதாயின், பரிசும் மேடையும் வேண்டியதில்லை. சோதனைத் தாள் ஒன்று போதும். அதில் ‘ஸ்ரீரங்கம்’ இரு வரிசையிலும், ‘ஔ’ இரு முறையிலும் இருக்க வேண்டும். ஈட்டிலிருந்து கிரந்த அடியும் தமிழ் உருபும் சேர்ந்த பத்துச் சொற்கள் வேண்டும். நிலக்கொடைக் கணக்கு ஒன்று ‘கீழ்’ குறியோடு வேண்டும். ஏடறிந்தவர் ஒருவரும் நிரலாளர் ஒருவரும் இணைந்து, உலாவி, எழுத்துரு, தேடுபொறி, நூலகச் செயலி ஒவ்வொன்றிலும் இத்தாளை ஏற்றி, தவறும் இடங்களை அந்தந்தத் திறந்தமூலத் திட்டத்தின் பிழைப்பட்டியலில் படத்தோடும் திருத்த நிரலோடும் பதிய வேண்டும். இவற்றுள் முதலில் எடுத்துக்கொள்ளத்தக்கது நூலகச் செயலியே. அங்குத் தேவைப்படுவது, தேடுசொல்லில் ‘ஶ’ வரிசை வந்தால் ‘ஸ’ வரிசையாகவும் கொள்ளும் சில வரி நிரல். அதற்கு எந்தத் தரமும் மாற வேண்டியதில்லை, எவருடைய ஒப்புதலும் வேண்டியதில்லை.